ஐம்பத்துநாலு கிலோ

ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் பிரிவில் அவளை எல்லோரும் குண்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் அவள் உடம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெயர்க் காரணம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்தப் போவதில்லை. பத்தொன்பது வருஷம் நாலு கிலோ இரும்புக் குண்டைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வட்டத்துக்குள் திரும்பித் திரும்பி எறிந்தவள், அந்தக் குண்டிலிருந்து வந்த பெயர் இது என்று யாரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது? தேசியப் போட்டிகளில் இரண்டு தடவை மூன்றாவதாக வந்தாள், ஒரு தடவை இரண்டாவதாக. முதலாவதாக வந்ததில்லை. முப்பத்து மூன்றாவது வயதில் வலது தோளில் ஒரு தசைநார் கிழிந்தது. அந்த வருஷம் தடகளச் சம்மேளனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை, இதுவரை ஒத்துழைத்ததற்கு நன்றி. மொத்தமே இரண்டு வரி.

அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள் மைதானத்துக்குப் போனாள். அரைச் சுற்று ஓடினாள். நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியதால் நிற்கவில்லை, அப்போதெல்லாம் அவளுக்கு அரைச் சுற்றில் மூச்சு வாங்காது. எதற்கு ஓடுகிறோம் என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் உடம்பில் வழிந்த ஒவ்வொரு சொட்டு வேர்வைக்கும் முன்னால் ஒரு தேதி இருந்தது. ஏப்ரலில் இந்தப் போட்டி, ஆகஸ்டில் அந்தப் போட்டி. தேதி இல்லாத வேர்வை வெறும் ஈரத் துணியாக முதுகில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

எட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. துணி துவைக்கும் பிரிவில் உட்கார இடம் ஏது? மாடி வார்டுகளிலிருந்து அழுக்குப் பைகள் குழாய் வழியாகத் தொப் தொப்பென்று விழும். கையுறை போட்டுக்கொண்டு பிரிக்க வேண்டும். விரிப்பு தனி, துண்டு தனி, ரத்தம் பட்டது தனி. துணிக்குள்ளிருந்து கத்தரிக்கோல் வரும், ஸ்பூன் வரும், ஒரு தடவை ஒரு பல் செட்டே வந்தது. வெளியே அடைமழை பெய்தாலும் உள்ளே நீராவியில் முகம் வெந்துகொண்டிருக்கும். வேலை முடிந்தால் கால் கனக்கும், ஆனால் அந்தக் கனம் உடற்பயிற்சியின் கனம் இல்லை. பயிற்சிக் காலத்துச் சாப்பாடு மட்டும் விடவில்லை. எட்டு முட்டை சாப்பிட்ட வயிறு நாலு முட்டைக்குச் சமாதானமாகாமல், கேன்டீனில் மிஞ்சும் ரொட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டது. மாடிப்படி பன்னிரண்டு ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

வீட்டில் அவள் புருஷன் இருந்தார். பெயிண்டர். ஊரில் பாதிக் கட்டடம் அவர் கை பட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பதும், நாற்காலியிலிருந்து தூக்கிக் குளியலறை முக்காலியில் வைப்பதும், மறுபடி நாற்காலிக்கு மாற்றுவதும் அவள்தான். அவர் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுப்பாள். அக்குளுக்கு அடியில் கைவிட்டு முதுகில் இரண்டு கையையும் கோத்துக்கொள்வாள். அவர் தாடையை அவள் தோளில் வைத்துக்கொண்டு எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு. மூன்றுக்குத் தூக்குவாள்.

"போட்டியில நீ எறிஞ்ச குண்டுக்கு வாய் இல்ல. எனக்கு இருக்கு. மெதுவாம்மா," என்பார்.

"வாயை மூடிட்டு எண்ணுங்க."

"வாயை மூடிட்டு எப்படி எண்றது?"

அப்படியே ஆறு வருஷம் ஓடியது. அவர் இளைத்தார், அவள் பெருத்தாள். தூக்குவது ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டமானது. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை. குளியலறை முக்காலியிலிருந்து தூக்கும்போது அவளுக்கு மூச்சு எங்கேயோ சிக்கிக்கொண்டது. கண் இருட்டியது. இடது முழங்கால் வளைந்தது. அவரைப் பிடித்தபடியே சரிந்தாள், பாதியில் கை நழுவியது. அவர் தரையில் விழுந்தார். வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

"வலிக்குதா? ஐயோ, எங்க வலிக்குது?"

"வலிச்சாத்தான் நல்லாருக்குமே," என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். எதிர் வீட்டு டிரைவர் வந்து ஒரு கை கொடுக்க, தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். துடைத்து, சட்டை மாட்டி, டீயும் ரொட்டியும் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து போர்வையை விலக்கியபோது வலது தொடை இரண்டு மடங்காகி, கன்றிப்போய் நீலமாக இருந்தது. எலும்பு முறிந்திருந்தது. முறிந்த காலோடு ஒரு நாள் முழுக்க அவர் படுத்துக் கிடந்திருக்கிறார், தெரியவே இல்லை. காலையில் தான் சிரித்தது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. வாயில் அடித்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில், நாலாவது மாடி எலும்பு வார்டில் அவரைச் சேர்த்தார்கள். தகடு வைத்தார்கள். அவர் படுத்த விரிப்பும் குழாய் வழியாகத்தான் அவளிடம் வந்து விழுந்திருக்கும், எது என்று தெரியாது. ஒரு நாள் பிசியோதெரபி பெண் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். சின்னப் பெண், ஆனால் பேச்சில் தயவு தாட்சண்யம் இல்லை.

"அக்கா, இனிமே நீங்க ஒத்தையா இவரைத் தூக்கக் கூடாது. இந்தத் தடவை தொடை. அடுத்த தடவை கழுத்து."

"ஆறு வருஷமாத் தூக்கறேன்மா."

"அப்போ உங்களால முடிஞ்சுது. இப்போ முடியல. நீங்க நாலு மாடி ஏறி வந்து எவ்வளவு நேரம் ஆச்சு? இன்னும் மூச்சு வாங்குது பாருங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப ஏதாவது பராமரிப்பு இல்லத்துலதான் விடணும்."

நாத்தனார் வந்தாள். பெயிண்டருக்கு மூத்தவள், பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருப்பவள். கட்டிலருகில் உட்கார்ந்து தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம்பி பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் உன்னைக் குறை சொல்லலடி. யாரா இருந்தாலும் இவ்வளவு நாள் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், உடம்பை இப்படி விட்டுட்டியே. எப்படி இருந்தவ நீ! பேப்பர்ல உன் போட்டோ வந்தப்போ எங்க ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெச்சேன்."

"தெரியும் அண்ணி."

"அப்புறம் என்ன கேடு வந்துச்சு? காலையில எழுந்து ஒரு அரை மணி நேரம் நடந்திருக்கக் கூடாது?"

சொன்னால் புரியுமா? மனசு வரல அண்ணி என்று சொல்லலாம். சோம்பேறித்தனம் என்பார்கள். பெயிண்டர்தான் கண்ணை மூடியபடி, "அக்கா, விடு," என்றார்.

ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. எலும்பு கூடும்வரை, மூன்று மாசம். அதற்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று நாத்தனார் சொன்னாள். மூன்று மாசம் என்ற சொல் அவள் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. எட்டு வருஷம் கழித்து முன்னால் ஒரு தேதி.

அவர் போன மறுநாளே ஆரம்பித்தாள். துணிப் பிரிவில் எடை போடும் தராசு உண்டு, மெஷினுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. அவருடைய எடை ஆஸ்பத்திரி அட்டையில் இருந்தது. ஐம்பத்துநாலு. வேலை முடிந்து மற்றவர்கள் உடை மாற்றப் போன பிறகு ஈர விரிப்புகளைச் சுருட்டி, உருட்டி, கயிறு போட்டு ஒரு ஆள் உயரத்துக்கு மூட்டை கட்டினாள். முதல் நாள் இருபது கிலோ. கட்டிப் பிடித்து, முட்டுக்கொடுத்து, தூக்கி, பக்கத்து மேஜையில் வைத்தாள். நாலாவது தடவை குமட்டிக்கொண்டு வந்தது. சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தாள்.

இஸ்திரி மெஷின் ஓட்டும் அண்ணன் பார்த்துவிட்டார். நக்கல் பேர்வழி.

"என்ன குண்டக்கா, மறுபடி போட்டியா? யாரு எதிரி?"

"போட்டி இல்லண்ணே. வீட்டுக்காரரைத் தூக்கணும்."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கயிறு இப்படிக் கட்டினா நழுவும். தள்ளு," என்று அவரே அவிழ்த்துக் கட்டினார். அன்றிலிருந்து தராசில் வைத்து எடை பார்த்துச் சொல்வது அவர் வேலையானது.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். "அக்கா, மாமா இன்னைக்கு ரொம்ப ஈரமா இருக்காரே," என்றாள் ஒருத்தி. "ஆமாடி, நாளைக்கு உலர்த்திப் போட்டு இஸ்திரி போட்டுடுவேன்," என்றாள் இவள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று.

முட்டையை இரண்டாகக் குறைத்தாள், ரொட்டியை விட்டாள். நாலு மாடியையும் வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஏறி இறங்கினாள். தோள் வலித்தது. பழைய கிழிசல் ஈரக் காற்றில் குத்தியது. வலிக்கட்டும் என்று விட்டாள். முப்பது கிலோ ஆனது. நாற்பதில் இரண்டு வாரம் நின்றுபோனது. இனி நகராது என்று நினைத்த ஒரு வியாழக்கிழமை நாற்பத்து மூன்றைத் தூக்கினாள். இஸ்திரி அண்ணன் தராசை இரண்டு தடவை பார்த்தார். தூக்கும்போது அவள் வாய்க்குள் எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு. மூட்டையில் ப்ளீச் வாசனை அடிக்கும். வெதுவெதுப்பாக இருக்கும். அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி இல்லத்துக்குப் போய்விட்டு வருவாள். பெரிய ஜன்னல், பக்கத்துக் கட்டிலில் ஒரு பழைய தையல்காரர், இரண்டு பேரும் சீட்டு விளையாடுவார்கள். நாற்காலிக்கு மாற்ற ஒரு மெஷின் இருந்தது. துணித் தொட்டில் மாதிரி ஒன்றில் ஆளை உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினால் மெல்ல உயரத் தூக்கும். தான் செய்வதை அவரிடம் சொல்லவில்லை. தூக்கிக் காட்டுவோம் என்றிருந்தாள்.

"இளைச்சிட்ட," என்று ஒரு வாரம் அவரே சொன்னார். "சாப்பிடறியா ஒழுங்கா?"

"சாப்பிடறேன்."

பதினோராவது வாரம் ஐம்பத்துநாலு கிலோவைப் பத்துத் தடவை தூக்கினாள். இஸ்திரி அண்ணன் கை தட்டினார். பெண்களும் தட்டினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போட்டாள். குளியலறைத் தரையில் வழுக்காத பாய் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இல்லத்துக்குப் போனபோது தையல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மூட்டை, தராசு, மாடிப்படி, எல்லாம்.

"பத்துத் தடவைங்க. கீழ வைக்காம. நாளைக்கு லீவு சொல்லிட்டேன். டாக்டர்கிட்டக் கேட்டாச்சு, எலும்பு கூடிடுச்சாம். வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"என்னங்க?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"ஏன்? நம்பலையா? இருங்க, காட்டறேன்." போர்வையை விலக்கி, முழங்காலை முட்டுக்கொடுத்து, அவர் அக்குளுக்குள் கையை விட்டாள்.

அவர் கை சட்டென்று போய்க் கட்டில் கம்பியைப் பிடித்தது. விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போகிற பிடி. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ மாதிரி.

அவள் மெல்லத் தன் கைகளை எடுத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"இப்ப நான் விட மாட்டேங்க."

"தெரியும். மனசுக்குத் தெரியுது. கைக்குத் தெரியல." அவர் கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "அது மட்டும் இல்ல. சொன்னாக் கோவிச்சுக்காத. ஆறு வருஷமாக் காலையில எழுந்ததும் உன் முகம்தான். பல்லைக் கடிச்சிட்டு, கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு. மூஞ்சில உப்புப் பூத்துப்போய். நான் கண்ணை மூடிட்டு எண்ணுவேன், அதைப் பார்க்க வேணாம்னு. ஜோக் அடிக்கறதும் அதுக்குத்தான். இந்த மெஷின் பல்லைக் கடிக்காது. அது கிட்ட நான் மன்னிப்புக் கேக்க வேண்டாம்."

"உங்களை யாரு மன்னிப்புக் கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தினமும் கேட்டேன், உள்ளுக்குள்ள."

"அப்ப எனக்கு? மூணு மாசமா நான் எதுக்கு..." அவளுக்குக் குரல் உடைந்தது. "நீங்க வீட்டுக்கு வரணும்னுதானே தூக்கினேன்."

"நீ ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து பேசிட்டுப் போற பாரு. கல்யாணம் ஆன புதுசுல பேசின மாதிரி. அது எனக்குப் போதும்மா. நான் இங்கயே இருந்துடறேன்."

தையல்காரர் விழித்துவிட்டார், ஆனால் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை லீவு சொல்லியிருந்ததால் வீட்டிலேயே கிடந்தாள். செவ்வாய்க்கிழமை மூட்டை மூலையில் அப்படியே நின்றிருந்தது. ஈரம் காய்ந்து புளிச்ச வாடை வந்தது. இஸ்திரி அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே போய்க் கயிற்றை அவிழ்த்து, விரிப்புகளை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போட்டாள். "தராசு இனிமே வேண்டாம்ணே," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். ரொட்டியைக் கேட்டு வாங்கவும் தோன்றவில்லை. கடிதம் வந்த வருஷம் இருந்ததைவிட இது மோசமாக இருந்தது. அப்போது அவளை வேண்டாம் என்றவர்கள் யாரோ முகம் தெரியாதவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போகவும் இல்லை. நாத்தனார் வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. "சாப்பாட்டை வெளிய வெச்சிருக்கேன்டி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். போகாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ் வந்தது. உள்ளே ஒரு பெண் குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, இவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். படியில் ஒரு காலை வைத்தவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். அங்கே போய் உட்கார்ந்தால், முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தால், அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதுவிடுவோம் என்று தோன்றியது. காலை எடுத்துவிட்டாள்.

"ஏறறியாம்மா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்க."

பஸ் போன திசையிலேயே நடந்தாள். மழை விட்டிருந்தது, சாலையோரம் சேறு. முதல் ஒரு மணி நேரம் எதையும் பார்க்கவில்லை. அழுகை வந்தது, நடந்தாள். நின்றது, நடந்தாள். டயர் கடை, மரம் அறுக்கும் பட்டறை, மூடிய பள்ளிக்கூடம். செருப்பு வீட்டுச் செருப்பு, நடக்க வாங்கியதில்லை. குதிகாலில் தேய்ந்து எரிந்தது. பாலத்தின் மேல் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் போகலாமா என்று யோசித்தாள். திரும்பினால் வீடு. வீட்டில் விரிப்பு போட்ட கட்டில். மறுபடி நடந்தாள். நடக்கும்வரை நெஞ்சில் இருந்த துக்கம் அதன் இடத்தில் கிடந்தது. நின்றால்தான் மேலே ஏறி வந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை. யாருக்காகவும் இல்லை.

இல்லத்துக்குள் நுழையும்போது பார்வையாளர் நேரம் பாதி முடிந்துவிட்டது. பெயிண்டர் நாற்காலியில், ஜன்னலோரம் இருந்தார். அவளைப் பார்த்ததும் சீட்டைக் கீழே வைத்தார்.

"வரமாட்டியோன்னு நினைச்சேன்." பிறகு உற்றுப் பார்த்தார். "என்ன இது, தொப்பலா நனைஞ்சிருக்க? மழையா?"

"வேர்வை. நடந்து வந்தேன்."

"பஸ் வரலையா?"

"வந்துச்சு."

அவள் எதிரே உட்கார்ந்தாள். செருப்பின் பின் விளிம்பில் ரத்தம் ஊறியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"காலைக் காட்டு."

"ஒண்ணும் இல்ல."

"காட்டுன்னா காட்டு. இங்க வை, மடியில."

"சேறா இருக்குங்க."

"வை."

அவள் செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் குடிக்கிற தண்ணீரைச் சாய்த்துக் கைக்குட்டையை நனைத்தார். சேற்றைத் துடைத்துவிட்டு, கொப்புளம் உடைந்த இடத்தை மெல்ல ஒற்றியெடுத்தார். சுவருக்குப் பெயிண்ட் அடித்த கை, அழுத்தாமல் ஒற்றத் தெரிந்த கை. அவளுக்கு எரிந்தது. பல்லைக் கடிக்கக் கூடாது என்று வாயைத் திறந்தபடி வைத்துக்கொண்டாள்.

"கனமா இருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். "அந்தக் காலையும் வை."